மாதிரி வாக்கியமும் நம் வாக்கியமும்



இந்தக் கல்லூரியின் ஆங்கிலத் துறை நடத்தும் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவைத் தமிழில் நிகழ்த்தலாமா என்று தயக்கத்தோடு கேட்டேன். தமிழில்தான் வேண்டும், அறக்கட்டளைப் பத்திரத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றார்கள். நிறுவியவர் விவரம் தெரிந்தவர். நான் சொல்ல வந்ததில் பாதி தமிழைப் பற்றியது. ஆங்கிலத்தில் பேசியிருந்தால் அந்தப் பாதி வெளியே வந்திருக்காது.

நம் மாநிலத்தில் பள்ளிக்கூடம் போன யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் எழுதிவிடும் ஆங்கில வாக்கியம் ஒன்று உண்டு. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் தி கிளாஸ்.' விடுப்புக் கடிதத்து வாக்கியம். அதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். காரணத்தைச் சொல்லும் துணைவாக்கியம் முன்னால் வருகிறது. 'சஃபரிங்' என்பதற்குப் பின் 'ஃப்ரம்' சரியாக விழுகிறது. 'அனேபிள்' என்பதற்குப் பின் 'டு'. முதல் துணைவாக்கியம் முடிந்ததும் ஒரு காற்புள்ளி. பத்து வயதுப் பிள்ளை இவ்வளவையும் ஒரு தவறும் இல்லாமல் செய்கிறது. அதே பிள்ளை கல்லூரிக்கு வந்தபின், பஸ் வராததால் தாமதமாகிவிட்டது என்று இரண்டு வரி எழுதித் தா என்றால் பேனாவைக் கடிக்கிறது. காய்ச்சல் இருந்த இடத்தில் பஸ்ஸை வைக்கலாம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. அக்காள் கல்யாணத்துக்கும் காய்ச்சல் என்றே எழுதி லீவு எடுத்த தலைமுறைகள் நாம்.

ஆக, நம் பிள்ளைகளுக்கு மாதிரியைப் பின்பற்றத் தெரியாது என்பதில்லை. மாதிரியை வார்த்தையோடு வார்த்தையாக விழுங்கத் தெரியும். அதன் எலும்பை மட்டும் தனியே எடுக்கத் தெரியாது. இலக்கண விதி தெரிந்தால் எழுத்து வந்துவிடும் என்பது என் அனுபவத்தில் பொய். கோடிட்ட இடங்களை நிரப்புவதில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் ஒரு பத்தி எழுத முடியாமல் உட்கார்ந்திருப்பதை ஆண்டுதோறும் பார்த்தவன் நான். நல்ல வாக்கியத்தைப் பார்த்து இன்னொரு வாக்கியம் செய்வதால்தான் எழுத்து வருகிறது. எப்படிப் பார்ப்பது, எப்படிச் செய்வது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதற்கு முதலில் ஓர் அச்சுக்கூடப் பையனிடம் போவோம்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1706இல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். தகப்பனார் மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்றவர். பிள்ளைக்குப் பள்ளிப் படிப்பு இரண்டு வருடம். பன்னிரண்டு வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்துவிட்டார். காலின்ஸ் என்று ஒரு நண்பன். பெண்களுக்குக் கல்வி தகுமா தகாதா என்று இருவருக்கும் வாதம் முற்றி, கடிதம் கடிதமாக எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் கடிதங்கள் தகப்பனார் கண்ணில் பட்டன. வாதத்தில் எந்தப் பக்கம் நியாயம் என்பதற்குள் அவர் போகவில்லை. எழுத்துக்கூட்டிலும் நிறுத்தக்குறியிலும் நீ தேவலை, அச்சகத்தில் இருப்பதன் பலன். ஆனால் சொல்லும் நேர்த்தியிலும் வரிசையிலும் தெளிவிலும் அந்தப் பையன் உன்னைவிட மேல் என்று, இடம் இடமாகக் காட்டிச் சொன்னார். எங்கே குறை என்று விரல் வைத்துக் காட்டும் தகப்பன் அமைவது பெரிய பாக்கியம்.

அந்தச் சமயத்தில் 'ஸ்பெக்டேட்டர்' இதழின் தொகுதி ஒன்று, மூன்றாம் தொகுதி மட்டும், அவர் கையில் கிடைத்தது. லண்டனில் ஆடிசனும் ஸ்டீலும் 1711இல் தொடங்கி நடத்திய இதழ். ஃபிராங்க்ளின் செய்ததைத் தன் வரலாற்றில் விவரமாகச் சொல்கிறார். ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் ஓரிரு சொல்லில் குறிப்பு எழுதிக்கொள்வார். அதைச் சில நாள் தூக்கி வைத்துவிடுவார். பிறகு புத்தகத்தைத் திறக்காமல், குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, முழுக் கட்டுரையையும் தன் சொற்களில் எழுதிப் பார்ப்பார். எழுதி முடித்ததும் மூலத்தோடு ஒப்பிடுவார். தவறு தெரியும், திருத்துவார். சொல்வளம் போதவில்லை என்று பட்டபோது அந்த இதழின் சில கதைகளைச் செய்யுளாக்கினார். சீருக்கும் ஓசைக்கும் ஏற்ற சொல்லைத் தேடித்தானே ஆக வேண்டும்? செய்யுளாக்கியதைக் கொஞ்ச நாள் கழித்து மறுபடி உரைநடையாக்கினார். சில வேளை குறிப்புச் சீட்டுகளைக் கலைத்துப் போட்டு, வாரங்கள் கழித்து, எது முன் எது பின் என்று தானே அடுக்கினார். இதெல்லாம் ராத்திரி வேலை முடிந்தும், விடியுமுன்னும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு மட்டம் போட்டும்.

இதில் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது அந்தச் 'சில நாள்' என்பதை. பார்த்த மாத்திரத்தில் எழுதியிருந்தால் அது வெறும் நகல், ஞாபகசக்திக்குப் பயிற்சி. சில நாள் போனால் சொற்கள் மறந்துபோகும், கருத்து நிற்கும். சொல் போன இடத்தில் நம் சொல்லைப் போட்டாக வேண்டும். அப்படிப் போட்டபின் மூலத்தைத் திறந்தால், நான் ஓடிய பாதையும் ஆடிசன் ஓடிய பாதையும் எங்கே பிரிகின்றன என்று பளிச்சென்று தெரியும். ஆசிரியர் தேவையில்லை, மூலமே சிவப்பு மை. அபூர்வமாகச் சில இடங்களில் தான் எழுதியது மூலத்தைவிட நன்றாக இருந்ததாகத் தோன்றியது என்றும் ஃபிராங்க்ளின் எழுதியிருக்கிறார். அடக்கமாகத்தான் சொல்கிறார், ஆனால் சொல்லாமல் விடவில்லை.

பலன் 1722இல் தெரிந்தது. பதினாறு வயதில், 'சைலன்ஸ் டூகுட்' என்ற விதவைப் பெண்மணி எழுதுவதுபோல ஒரு கடிதம் எழுதி, எழுத்தை மாற்றி, இரவில் அண்ணன் அச்சகத்தின் கதவுக்கடியில் செருகிவிட்டு வந்தார். யார் எழுதியது என்று தெரியாமலே அண்ணன் பத்திரிகையில் போட்டார். இப்படி 14 கடிதங்கள். நடுத்தர வயதுப் பெண்ணின் குரலில் ஒரு விடலைப் பையன் எழுதினான் என்றால், ஆடிசனின் நடை அவன் கைக்குள் வந்து, அவனுடைய குறும்புக்குச் சேவகம் செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இந்த உபாயம் ஃபிராங்க்ளின் கண்டுபிடித்ததல்ல. ஐரோப்பாவில் லத்தீன் கற்ற பிள்ளைகள் பலரும் ஏதோ ஒரு வகையில் இதைச் செய்தவர்களே. எராஸ்மஸ் 1512இல் வெளியிட்ட நூலில், உன் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது என்ற ஒரே செய்தியை 100க்கும் மேற்பட்ட விதங்களில் லத்தீனில் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டினார். படிக்கும்போது கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் ஒரு வாக்கியத்துக்கு எத்தனை கதவு என்று அதைப் பார்த்தால் தெரியும். பிற்காலத்தில் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், ஹாஸ்லிட், லாம்ப், டீஃபோ என்று ஒவ்வொருவர் நடையாக அப்படியே காப்பியடித்துப் பழகியதை 1887இல் வந்த கட்டுரைத் தொகுப்பில் வெளிப்படையாகவே எழுதினார். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு புத்தகம்: ஒன்று படிக்க, ஒன்று எழுத.

இவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ரோஜர் ஆஸ்கம். முதலாம் எலிசபெத் அரசிக்கு ஆசிரியராக இருந்தவர். 1563இல் விண்ட்சரில் ஒரு விருந்தின்போது, ஈட்டன் பள்ளியில் அடிக்குப் பயந்து பிள்ளைகள் ஓடிப்போன செய்தி பேச்சில் அடிபட்டது. அதிலிருந்து பிறந்தது அவருடைய 'ஸ்கூல்மாஸ்டர்' என்ற நூல். அவர் இறந்தபின் 1570இல் அச்சானது. அதில் அவர் சொல்லும் முறை இது. சிசரோவின் கடிதம் ஒன்றை ஆசிரியர் நன்றாக விளக்க வேண்டும். பிள்ளை அதை ஒரு நோட்டில் ஆங்கிலத்தில், அதாவது தன் தாய்மொழியில், எழுத வேண்டும். லத்தீன் புத்தகத்தை ஆசிரியர் வாங்கி வைத்துக்கொள்வார். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து, பிள்ளை தன் ஆங்கிலத்தை வேறொரு நோட்டில் மறுபடி லத்தீனாக்க வேண்டும். பிறகு ஆசிரியரும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தவறு இருந்தால் அடிக்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. இந்த இடத்தில் சிசரோ இந்தச் சொல்லைப் போட்டிருப்பார், இப்படி வரிசைப்படுத்தியிருப்பார் என்று மெல்லச் சொல்ல வேண்டும். ஃபிராங்க்ளினுக்குச் சில நாள் செய்த வேலையை ஆஸ்கமின் பிள்ளைக்குத் தாய்மொழி செய்கிறது. அயல்மொழிச் சொற்கள் காதிலிருந்து இறங்கிப்போக, கருத்து மட்டும் தங்கும் இடம் அது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டில் வாக்கிய மாதிரி என்பது பழைய உரைநடை ஆசிரியர்களை விட்டுவிட்டு அட்டவணைக்குள் புகுந்தது. ஹரால்டு பாமர் என்ற ஆங்கிலேயர் 1922இல் ஜப்பானுக்குப் போனார். மாற்று அட்டவணை என்று ஒன்றைப் பரப்பினார்: கட்டத்தின் முதல் பத்தியில் எழுவாய்கள், அடுத்ததில் வினைகள், அடுத்ததில் செயப்படுபொருள்கள். எந்தக் கட்டத்திலிருந்து எதை எடுத்துக் கோத்தாலும் சரியான வாக்கியம் வரும். அவர் வழியில் ஜப்பானில் பணிசெய்தவர் ஏ. எஸ். ஹார்ன்பி. நம் வீடுகளில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியின் மூலவர். அது முதலில் 1942இல், போர் நடக்கும்போது, டோக்கியோவில் அச்சானது. 1948இல்தான் ஆக்ஸ்ஃபோர்டு மறுபதிப்புச் செய்தது. ஆங்கில வினைச்சொற்களை 25 வாய்பாடுகளில் அடக்கி, ஒவ்வொரு வினைக்குப் பக்கத்திலும் எண் போட்டார் ஹார்ன்பி. 'டெல் மீ' என்று சொல்லலாம், 'எக்ஸ்பிளெய்ன் மீ' என்று சொல்லக் கூடாது. 'ஐ வாண்ட் யூ டு கோ' சரி, 'ஐ சஜஸ்ட் யூ டு கோ' தவறு. ஏன் என்று எந்தத் தர்க்கமும் சொல்லாது. அந்தந்த வினை எந்தக் குடும்பத்தில் பிறந்தது என்றுதான் பார்க்க வேண்டும். தமிழில் 'எனக்குச் சொல்', 'எனக்கு விளக்கு' இரண்டும் ஒரே அச்சு. ஆகவே நம் பிள்ளை 'எக்ஸ்பிளெய்ன் மீ' என்றுதான் எழுதும். அந்த எண்கள் நமக்காகவே போட்டவைபோல இருக்கின்றன. ஆனால் அகராதியில் பொருள் பார்த்தவர்களே தவிர எண் பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

இந்த அமைப்புமுறைக் கல்வி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது பெரிய அளவில் வந்தது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்கும் முயற்சி நடந்தது. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்குப் பயிற்சி, அந்தப் பலர் இன்னும் பலருக்கு. உருண்டு பெருக்கும் பனிப்பந்து என்று அதற்குப் பெயர். பனியே பார்க்காத ஊரில் அந்தப் பெயர் எப்படி நிலைத்ததோ தெரியவில்லை. ஆசிரியர் பேனாவைத் தூக்கிப் பிடித்து 'திஸ் இஸ் எ பென்' என்பார். பிள்ளைகள் கூடச் சொல்வார்கள். கதவை நோக்கி நடந்தபடி 'ஐ ஆம் வாக்கிங் டு தி டோர்' என்பார். அமைப்புகள் எளியதிலிருந்து கடினத்துக்கு எண்ணிட்டு அடுக்கப்பட்டிருந்தன.

இதை நான் கேலி செய்ய மாட்டேன். வாய்திறந்து ஒரு வாக்கியம் முழுதாகச் சொல்லும் துணிவை லட்சக்கணக்கானவர்களுக்குக் கொடுத்தது அதுதான். ஆனால் எழுத்துக்கு அது வழிவிடவில்லை. கதவை நோக்கி நடப்பவரைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் கதவை நோக்கி நடக்கிறேன் என்று சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கு? அமைப்பு இருந்தது, சொல்ல விஷயம் இல்லை. என். எஸ். பிரபு இதைத்தான் கேட்டார். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணிபுரிந்த அவர், 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பள்ளிகள் சிலவற்றில் அமைப்பு வரிசையையே எடுத்துப்போட்டுவிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம் என்று பிள்ளைகளுக்குக் கணக்குப்போல வேலைகள் கொடுத்தார். மூளை பொருளில் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் துணிபு. 1987இல் நூலாகவும் எழுதினார். உலகம் முழுதும் ஆங்கில ஆசிரியர்கள் அதைப் படிக்கிறார்கள். நம் ஊரில் நடந்த சோதனையை நம் ஊரில்தான் குறைவாகப் பேசுகிறோம்.

பிரபு சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடு. பேச்சும் புரிதலும் அப்படி வரலாம். எழுத்து அப்படி வராது. எழுத்துக்கு அமைப்பு வேண்டும். அட்டவணைக்காரர்கள் அதில் தவறவில்லை. சொல்ல விஷயமும் வேண்டும். பிரபு அதில் தவறவில்லை. அமைப்பைக் கடன் வாங்கு, சரக்கு உன்னுடையதாக இருக்கட்டும் என்ற ஏற்பாட்டில் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன.

நம் இலக்கணக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. யாப்பில் நேர் நேர் என்பதற்குத் தேமா, நிரை நேர் என்பதற்குப் புளிமா. அந்தச் சொல்லே அந்த அச்சில் வார்த்த சொல். அதை நாக்கில் வைத்துக்கொண்டால் ஆயிரம் சொல்லை அளக்கலாம். வினையெச்சத்துக்கும் 'செய்து', 'செய', 'செயின்' என்று வாய்பாடு வைத்தார்கள். விதியைச் சொல்வதற்கு முன் ஒரு மாதிரியை வாயில் போட்டார்கள். ஆங்கிலத்தை மட்டும் ஏன் விதியிலிருந்து தொடங்குகிறோம்? நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் 'ரென் அண்ட் மார்ட்டின்' இலக்கண நூலை எழுதியவர்களில் ஒருவரான பி. சி. ரென், 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதியவர். கதை எழுதத் தெரிந்த மனிதரின் பெயர் நம் நாட்டில் பயிற்சிக் கணக்குகளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, பாவம்.

இப்போது ஒரு வாக்கியத்தை மேசைமேல் வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். வகுப்புக்காக நான் கட்டிய எளிய வாக்கியம். 'தி போஸ்ட்மேன் லீன்ட் ஹிஸ் சைக்கிள் அகைன்ஸ்ட் தி வால், வைப்ட் ஹிஸ் ஃபேஸ், அண்ட் ஆஸ்க்ட் ஃபார் வாட்டர்.' இதை மாணவர்கள் தமிழில் எழுதினார்கள். ஏறக்குறைய எல்லோரும் எழுதியது: 'தபால்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்டார்.' அழகான தமிழ். தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம், ஆங்கில மூலத்தைக் காட்டாமல், அவர்கள் எழுதிய தமிழை மட்டும் திருப்பிக் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். பலர் எழுதியது இந்த மாதிரி: 'ஆஃப்டர் லீனிங் தி சைக்கிள் ஆன் தி வால் அண்ட் வைப்பிங் தி ஃபேஸ், தி போஸ்ட்மேன் ஆஸ்க்ட் வாட்டர்.'

மூலத்தைக் கரும்பலகையில் எழுதினேன். அதன்பின் நான் பேச வேண்டியிருக்கவில்லை, அவர்களே கண்டுபிடித்தார்கள். 'ஆஸ்க்ட்' என்பதற்குப் பின் 'ஃபார்' விட்டுப்போனதை ஒரு பையன் சொன்னான். தண்ணீரைக் கேட்டால் 'ஃபார்', தண்ணீரிடமே கேட்டால்தான் 'ஃபார்' இல்லை என்று அவனே விளக்கமும் சொன்னான். சுவரில் என்பதால் 'ஆன்' போட்டோம், ஆங்கிலம் 'அகைன்ஸ்ட்' போடுகிறது. முகம் அவருடையதுதானே, வேறு யாருடையது? ஆகவே தமிழ் 'தன் முகத்தை' என்று சொல்ல மெனக்கெடுவதில்லை. ஆங்கிலம் 'ஹிஸ்' என்று சொல்லாமல் விடுவதில்லை. ஆழமானது கடைசியில் வந்தது. ஒரு மாணவி எழுந்து, ஆங்கிலத்தில் மூன்று வினையும் ஒரே உயரத்தில் நிற்கின்றன சார், தமிழில் கடைசி வினை மட்டும் நிற்கிறது, முதல் இரண்டும் அதற்காகக் காத்திருக்கின்றன என்றாள். வினையெச்சம், முற்றுவினை என்ற பெயர்களை அவள் சொல்லவில்லை. பள்ளியில் படித்தவைதான், ஆங்கில வகுப்பில் உதவும் என்று நினைவுக்கு வரவில்லை. அவ்வளவே.

ஒரு வாக்கியத்தில் நான்கு பாடம். இதைப் பாடநூல் வழியில் நடத்தினால் முன்னிடைச்சொல் ஒரு வாரம், உடைமைச்சொல் ஒரு வாரம், கூட்டுவாக்கியம் ஒரு வாரம் என்று ஒரு பருவமே போயிருக்கும். தபால்காரர் வாக்கியத்தின் எலும்பை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டிலிருந்து ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றேன். பூக்கடை வைத்திருக்கும் ஒருவரின் மகள் எழுதியது: 'மை மதர் ஸ்பிரிங்கிள்ட் வாட்டர் ஆன் தி ஜாஸ்மின், கவர்ட் இட் வித் எ வெட் கிளாத், அண்ட் வெயிட்டட் ஃபார் தி ஈவினிங் பஸ்.' அந்த 'வெயிட்டட்' பின்னால் 'ஃபார்' தானாக வந்திருப்பதைப் பாருங்கள்.

பெயரெச்சத்தில் இன்னும் பெரிய பள்ளம் இருக்கிறது. 'அண்ணன் வந்த ஸ்கூட்டர்' என்கிறோம். ஸ்கூட்டர் வந்ததா, ஸ்கூட்டரில் அண்ணன் வந்தாரா என்று யாரும் குழம்புவதில்லை. சாப்பிட்ட தட்டு, சாப்பிட்ட வீடு, சாப்பிட்ட நாள், சாப்பிட்ட சோறு, சாப்பிட்ட ஆள் என்று ஒரே 'சாப்பிட்ட' எல்லாவற்றோடும் போய் நிற்கிறது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்ற ஆறு பெயர்களையும் பெயரெச்சம் கொள்ளும் என்று நன்னூல் சொல்லிவிட்டது. வேற்றுமை உருபு உள்ளே மறைந்துவிடும், கேட்பவர் ஊகித்துக்கொள்வார். ஆங்கிலம் கேட்பவரை நம்பாத மொழி. தட்டிலிருந்து சாப்பிட்டாரா, வீட்டில் சாப்பிட்டாரா என்று முன்னிடைச்சொல் வைத்துச் சொல்லியாக வேண்டும். 'தி ஸ்கூட்டர் ஆன் விச் மை பிரதர் கேம்.' நம் பிள்ளை 'தி ஸ்கூட்டர் விச் மை பிரதர் கேம்' என்று எழுதும். கவனக்குறைவு அல்ல அது. தமிழ் இலக்கணம் மிகச் சரியாக வேலை செய்கிறது. இதை விதி சொல்லித் திருத்த முடியாது என்பது என் முடிவு. 'ஆன் விச்', 'இன் விச்', 'ஃப்ரம் விச்' வரும் நல்ல வாக்கியங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தன் வீட்டுப் பொருளை வைத்துப் பத்துப் பன்னிரண்டு எழுதச் செய்தால் கை பழகிவிடும். நான் பிறந்த வீடு, நான் படித்த பள்ளி, அப்பா கடன் வாங்கிய வங்கி.

தமிழ் எதிரியாகவே இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அமெரிக்கப் பேராசிரியர் பிரான்சிஸ் கிறிஸ்டென்சன் 1963இல் ஒரு கட்டுரை எழுதினார். தேர்ந்த எழுத்தாளர்கள் பலர் முதன்மை வாக்கியத்தைச் சுருக்கமாக முன்னால் வைத்துவிட்டு, நுணுக்கங்களைப் பின்னால் ஒன்றொன்றாகத் தொடுக்கிறார்கள் என்று காட்டி, மாணவர்களை அதைப் பின்பற்றச் சொன்னார். அந்த அச்சில் ஒரு வாக்கியம்: 'மை கிராண்ட்மதர் சாட் ஆன் தி பையோல், கிளீனிங் டாமரிண்ட், ஹெர் கிளாசஸ் ஸ்லிப்பிங் டவுன் ஹெர் நோஸ்.' கடைசித் துண்டைப் பாருங்கள். அதற்குத் தனி எழுவாய், கண்ணாடி. ஆனால் முற்றுவினை இல்லை. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள பிள்ளைகளுக்கே இது சிரமமான அமைப்பு. நமக்கு? 'மூக்குக் கண்ணாடி சரிய, புளி ஆய்ந்துகொண்டு, பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்.' 'சரிய' என்பது செயவெனெச்சம். மழை பெய்யக் குளம் நிறைந்தது என்று எட்டாம் வகுப்பில் படித்த அதே சங்கதி. எழுவாய் வேறு வேறாக இருந்தாலும் கூடி நடக்கும். நமக்குப் பழக்கமானதை அவர்கள் வாக்கியத்தின் வாலில் வைக்கிறார்கள், நாம் தலையில் வைக்கிறோம். இவ்வளவு சொன்னால் போதும், நம் மாணவர்கள் இந்த அமைப்பை மற்றவர்களைவிட விரைவாகப் பிடிக்கிறார்கள். ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது, பேசினால் அபராதம் என்று பலகை மாட்டும் பள்ளிகள் எடுத்து வீசுவது இந்த வசதியைத்தான்.

எதை மாதிரியாகக் கொள்வது என்ற கேள்வி வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்மவர்கள் பர்க்கையும் மெக்காலேயையும் மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். மேடைக்கு அது எடுபட்டது. அந்த நடையின் எச்சம் இன்னும் நம் அலுவலகக் கடிதங்களில் பட்டுச் சால்வை போர்த்திக்கொண்டு திரிகிறது. இன்றைய மாணவருக்கு ஆர். கே. நாராயணைக் கொடுங்கள் என்பேன். 1935இல் வந்த 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' தொடங்கி அவர் வாக்கியங்கள் பெரும்பாலும் எழுவாய், வினை, பொருள் என்று நேரே நடப்பவை. நக்கல் எங்கே இருக்கிறது என்று தேட வைப்பவை. ரஸ்கின் பாண்டும் நல்ல மாதிரி. ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தையும் நான் சிபாரிசு செய்வேன், தலையங்கத்தை அல்ல. ஆட்டத்தை விவரிப்பவர் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லியாக வேண்டும். சொல் அலங்காரத்துக்கு ஓவர்களுக்கு நடுவேதான் நேரம். ஒரு நேரத்தில் ஒரே ஆசிரியர் போதும். ஒரு தடவைக்கு ஐந்து வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்.

இது திருட்டாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஒருவர் சொன்ன செய்தியை, சொன்ன சொல்லோடு எடுத்து உங்கள் பெயரில் போட்டால் திருட்டு. மூன்று வினையை அடுக்கி நடுவே காற்புள்ளி வைக்கும் அமைப்புக்கு யாரும் பட்டா வைத்திருக்கவில்லை. கைபேசியிடம் கேட்டால் கடிதமே எழுதித் தருகிறதே, இந்தப் பாடு எதற்கு என்று கேட்கிறவர்களும் இந்த அரங்கில் இருப்பீர்கள். அது எழுதித் தந்ததில் எந்த வரி உங்களுடைய விஷயத்தைச் சொல்லவில்லை என்று கண்டுபிடிக்கவாவது வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அந்தக் கடிதத்தையே மாதிரியாக எடுத்து, தமிழாக்கி, மூடி வைத்து, மறுபடி எழுதிப் பாருங்கள். அதற்கும் உபயோகம் உண்டு.

அறுபது பேர் வகுப்பில் அறுபது நோட்டை யார் திருத்துவது என்று ஆசிரியர்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. ஆஸ்கமுக்கு ஒரு மாணவர், நமக்கு அறுபது. ஆனால் இந்த முறையில் திருத்துவது மூலம்தான். மூலத்தைப் பலகையில் எழுதிவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு நோட்டை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வேறுபடும் இடத்தில் அடிக்கோடு மட்டும் போடட்டும், சரி, தவறு என்று எழுத வேண்டாம். வேறுபட்டதெல்லாம் தவறல்ல. 'ஆஃப்டர் லீனிங்' என்று தொடங்கியதும் சரியான ஆங்கிலமே. மூன்று வினை ஒரே உயரத்தில் நிற்கும் ஓட்டம் அதில் இல்லை, அவ்வளவுதான். எந்த வேறுபாடு பிழை, எது விருப்பம் என்ற விவாதத்துக்குத்தான் ஆசிரியர் தேவை. பாடவேளையின் கடைசி இருபது நிமிடம் அதற்குப் போதும்.

துறைத் தலைவர் இருவரிடமும் ஒரு விண்ணப்பம். முதலாண்டுப் பொது ஆங்கில வகுப்பில் வாரம் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். ஒரே நோட்டு, இடப்பக்கம் மாணவரின் தமிழ், வலப்பக்கம் அவர் திருப்பி எழுதிய ஆங்கிலம். இடப்பக்கத்தைத் தமிழாசிரியர் பார்க்கட்டும், ஏனென்றால் தமிழ் கோணலாக இருந்தால் திரும்பி வரும் ஆங்கிலமும் கோணலாகத்தான் இருக்கும். வலப்பக்கத்தை ஆங்கில ஆசிரியர் பார்க்கட்டும். இரண்டு துறையும் ஒரே மாடியில் எதிரெதிரே இருக்கின்றன என்று வரும்போது கவனித்தேன். நோட்டைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடக்க வேண்டியதில்லை. மாணவர்கள் கேள்வி கேட்க நேரம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள்; கேளுங்கள்.